வாக்கருக்கும் ஒரு செருப்பு

ஜெபஷீலாவுக்கு வாய் நீளம் என்பது தேனி கடைவீதியில் பலருக்கும் தெரிந்த சேதி. மாமியார் கிருபாவதி அதைக் குறையாகச் சொல்வார். அவளிடம் நடை பழகிப் போனவர்கள் அதையே புகழாகச் சொல்வார்கள். "அந்த சிஸ்டர் வையிற வசவுல பொணங்கூட எந்திரிச்சு நடந்துரும்" என்று கம்பம் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு போனதை ஒருமுறை அவளே கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அந்தச் சின்ன எலும்பு ஆஸ்பத்திரி. கீழே டாக்டர் அறையும் எக்ஸ்ரேயும், மேலே வார்டு. நடைப் பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து ஒருவர் வருவார். வந்தால் வருவார், வராவிட்டால் கேட்பாரில்லை. அவருக்காகக் காத்திருந்தால் நோயாளிகள் கட்டிலோடு ஒட்டிப்போவார்கள் என்று டாக்டர் அந்த வேலையையும் வார்டு நர்ஸ் ஜெபஷீலாவின் தலையில் கட்டிவிட்டார். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் பிறந்தது போடியில். அப்பா பஜாரில் சாக்கு வியாபாரம். கட்டிக்கொடுத்தது தேனியில் பெயிண்டும் பைப்பும் விற்கிற சுந்தர்ராஜுக்கு. வியாபாரக் குடும்பத்தில் நர்ஸ் வேலை எதற்கு என்பது கிருபாவதியின் தீராத கேள்வி. "கடையில கல்லாவுல உக்கார ஆளில்லாம கெடக்கு. நீ போயி கண்டவுக காலத் தூக்கிக்கிட்டு இருக்க" என்பார். "கல்லா எங்கயும் ஓடிறாது அத்தை. காலு முடங்குனா முடங்குனதுதான்" என்று சொல்லிக்கொண்டே இவள் செருப்பை மாட்டுவாள்.

அந்த வேலையில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. படுத்துக் கிடக்கிற மனுசனை யாரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பெற்ற பிள்ளைகள்கூட அவருக்கு மேலாகவே ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்வார்கள். எழுந்து நின்றுவிட்டால் போதும், அதே பிள்ளைகள் "என்னப்பா, என்ன வேணும்?" என்று கண்ணைப் பார்த்துக் கேட்பார்கள். அந்த ஒரு நொடியைப் பார்ப்பதற்காகத்தான் ஜெபஷீலா வேலைக்கு வந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஆனால் பிடித்து நடக்கிற வாக்கரைச் சுலபத்தில் கையில் கொடுக்கமாட்டாள். முதலில் கை பலப்பட வேண்டும். கட்டிலில் உட்கார்ந்தபடியே இரண்டு உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றி இடுப்பை மேலே தூக்கச் சொல்வாள். அப்புறம் துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, "அமுக்குங்க, அந்தத் துண்டு உங்களுக்கு ஆகாத பங்காளின்னு நெனச்சு அமுக்குங்க" என்பாள். அடுத்து, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே இட்லி சாப்பிட வேண்டும். தலை சுற்றாமல் இட்லி உள்ளே போனால்தான் நிற்கலாம். சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டச் சொல்வாள். வாக்கரின் உயரத்தை மணிக்கட்டுக்குச் சரியாக வைத்துத் திருகுவாள். கடைசியில்தான் அந்த ரப்பர்.

வாக்கரின் நாலு கால் நுனியிலும் கறுப்பாக ரப்பர் புஷ் மாட்டியிருக்கும். அது தேய்ந்தாலோ கழன்றாலோ அலுமினியக் குழாய் தரையில் வழுக்கிவிடும். இதை எவ்வளவோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். தலையைத் தலையை ஆட்டிவிட்டு மறந்துபோனார்கள். ஒருநாள் மயிலாடும்பாறைக்காரர் ஒருவரிடம் வாய்க்கு வந்தபடி சொன்னாள்: "இது வாக்கரோட செருப்புய்யா. நீங்க செருப்பில்லாம சரளைக் கல்லுல நடப்பீகளா? அதுவும் நடக்காது." வார்டே சிரித்தது. அடுத்த நாள் பக்கத்துக் கட்டில்காரர் தன் வீட்டுக்காரியிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டாள் அந்த வாக்கியத்தை. வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொன்னாள். டாக்டரே அவளிடமிருந்து அதை எடுத்துக்கொண்டார். நல்ல சொல் ஒன்றைக் கண்டுபிடித்தவர்களுக்கு இருக்கிற கர்வம் அவளுக்கும் இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

கீழே டாக்டர் அறை வாசலில் ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று ஒரு போர்டு உண்டு. கூட்டிப் பெருக்குகிற முருகம்மாள் எப்போதாவது அங்கிருந்து ஒன்றிரண்டு ரப்பர் புஷ்ஷைப் பொறுக்கிக்கொண்டு வந்து நீட்டுவாள். "யாரோ விட்டுட்டுப் போயிட்டாக சிஸ்டர்" என்பாள். "சனங்களுக்கு ஒரு சாமானப் பத்திரமா வச்சுக்கத் துப்பில்ல. கழண்டு விழுந்தது கூடத் தெரியாமப் போறாக" என்று வைதபடி ஜெபஷீலா அவற்றை மேசை டிராயரில் போட்டு வைப்பாள். தேவைப்படுகிறவர்களுக்கு அதிலிருந்தே எடுத்து மாட்டியும் விட்டிருக்கிறாள்.

இப்படியிருக்கும்போதுதான் பாக்கியம் வந்து சேர்ந்தாள்.

மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். புருசன் செத்து வெகுகாலம் ஆகிறது. விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாய இறங்குகிற பிழைப்பு. அப்படி ஒருநாள் இறங்கும்போது ஜீப் படியில் சேலை மாட்டி விழுந்தாள். தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்துபோயிற்று. ஆபரேசன் செய்து பிளேட் வைத்தார்கள். கூட இருந்தது ஒரே மகள் பெனிஷா.

பெனிஷா லேப் டெக்னீசியன் படித்து முடித்திருந்தாள். கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது. ஜூன் மாதம் பிறந்ததும் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடத்துக்கு ஆள் தயாராக நிற்கிறது. அம்மா விழுந்ததும் அந்தப் பிள்ளை வேலையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். பாக்கியம் விடவில்லை. மகள் காப்பி வாங்கக் கீழே போன நேரம் பார்த்து ஜெபஷீலாவின் கையைப் பிடித்தாள்.

"சிஸ்டர், எனக்கு ரோட்டுல நடக்க வேணாம். மலைக்குப் போக வேணாம். நானாத் தனியா எந்திரிச்சு கக்கூசுக்குப் போயிட்டு வரணும். அடுப்பு வரைக்கும் போகணும். அம்புட்டுத்தான். அது முடிஞ்சா எம்மக கெளம்பிருவா. முடியலன்னா அவ எங்கூடயே கெடந்து மக்கிருவா."

"அதெல்லாம் நடக்க வச்சுருவேன் பாக்கியக்கா. நான் சொல்றத மட்டும் அப்பிடியே செய்யணும்."

"நீங்க சொன்னா சொன்னதுதான் சிஸ்டர். அதுக்கு மறுவார்த்தை இல்ல."

அந்த வார்த்தையைப் பாக்கியம் காப்பாற்றினாள். ஜெபஷீலா அப்படி ஒரு நோயாளியைப் பார்த்ததில்லை. கையை ஊன்றச் சொன்னால் தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஊன்றிக்கொண்டிருந்தாள். குனியக் கூடாது என்றால் கீழே விழுந்த ஜெபமாலையைக்கூட யாராவது வருகிறவரை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். வலி உயிர் போகும்போது மட்டும், தோட்டத்தில் பழகின மலையாளம் வாயில் வந்துவிடும். "மதி சிஸ்டர், மதி" என்பாள். போதும் என்று அர்த்தம்.

"இங்கன மதியெல்லாம் கெடையாது. இன்னொரு தரம்" என்பாள் ஜெபஷீலா. பாக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் செய்வாள்.

வாக்கர் கொடுத்த அன்று பாக்கியம் முகம் கழுவித் தலைசீவி உட்கார்ந்திருந்தாள். ஜெபஷீலா அவள் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். "மொதல்ல வாக்கரு, அப்புறம் நோவுற காலு, அப்புறம் நல்ல காலு. கல்யாண ஊர்வலம் மாதிரி வரிசை மாறக் கூடாது" என்றாள். ரப்பரைக் காட்டித் தன் வழக்கமான வாக்கியத்தையும் சொன்னாள். மற்றவர்களைப் போலப் பாக்கியம் சிரிக்கவில்லை. செருப்பு என்று ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்துத் தலையாட்டினாள்.

எழுந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பெனிஷா கட்டில் ஓரத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவின் முகம் தன் முகத்துக்கு நேரே வந்ததும் அந்தப் பிள்ளை "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டாள். ஜெபஷீலா எதிர்பார்த்திருந்த கேள்விதான். ஆனாலும் பெல்ட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகிற நாளுக்கு முன்பாகவே பாக்கியம் வார்டுக் கக்கூசுக்குத் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினாள். ஜெபஷீலா கதவுக்கு வெளியே நின்றாளே தவிரக் கை கொடுக்கவில்லை. பெனிஷா ஊரில் கொஞ்ச நாள் அம்மாவோடு இருந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு மலைச்சாமி குடும்பத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஜூன் மாதம் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தாள். போன இடத்திலிருந்து ஜெபஷீலாவுக்குப் போன் செய்தாள். "அம்மா நடக்கிறாக சிஸ்டர். அடுப்படியில நின்னு ரசம் வைக்கிறாக. எல்லாம் உங்களாலதான்." ஜெபஷீலா அதை அன்று இரவு கிருபாவதியிடம் இரண்டு தரம் சொன்னாள். கேட்டால் கேட்கட்டும், கேட்காவிட்டால் போகட்டும் என்று சொன்னாள்.

மழை பிடிக்கிற மாதத்தில் ஒரு சாயங்காலம் லோடு ஆட்டோ ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. மலைச்சாமி ஓட்டி வந்திருந்தார். பின்னால் மெத்தை போட்டுப் பாக்கியத்தைக் கிடத்தியிருந்தார்கள். கால் இருக்கிற கோணத்தைப் பார்த்ததுமே ஜெபஷீலா ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் சொன்னாள். பக்கத்தில் வாக்கரும் கிடந்தது. அதன் நாலு காலும் மொட்டையாக, வெறும் குழாயாக இருந்தன.

பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வரும். "ஏண்ணே, இந்த ரப்பரையெல்லாம் எந்த மூதேவி புடுங்குனது? இது இல்லாம நடந்தா வழுக்காம என்ன செய்யும்? படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புனேனே!"

மலைச்சாமி திகைத்துப்போய் நின்றார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த பாக்கியம்தான் பதில் சொன்னாள். வலியில் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"அவர வையாதீக சிஸ்டர். தொலைஞ்சு போகல. வாசலுக்கு வெளியதான் இருக்கு. என் செருப்புக்குப் பக்கத்துல நாலும் வரிசையா இருக்கும்."

"வாசல்ல எதுக்குக்கா இருக்கு?"

"பெறகு எப்பிடி சிஸ்டர்? கக்கூசு வீட்டுக்குப் பின்னால இருக்கு. அங்கன மிதிச்ச செருப்போட வீட்டுக்குள்ள வரலாமா? முன்னறையில திரு இருதய ஆண்டவரு படம் இருக்குல்ல."

ஜெபஷீலா வாக்கரின் மொட்டைக் குழாயைத் தடவிப் பார்த்தாள்.

"குனியவே இல்ல சிஸ்டர்" என்றாள் பாக்கியம், அதற்குத்தான் கோபமோ என்று நினைத்து. "நீங்க குனியக் கூடாதுன்னு சொன்னீகள்ல. வாசல்ல சேர் போட்டு வச்சிருக்கேன். அதுல உக்காந்து, வாக்கர மடியில கவுத்து வச்சு, ஒவ்வொண்ணாக் கழட்டுவேன். வெளிய போறப்ப மறுபடியும் மாட்டிக்கிருவேன். ஒரு நாளும் செருப்பில்லாம வெளிய கொண்டுபோனதில்ல. இன்னைக்கு நம்ம வீட்டுல அன்பியக் கூட்டம். செபத்துக்கு சனம் வரும்னு மலைச்சாமி சம்சாரம் டைல்ஸ்ஸ ஈரத் துணி போட்டுத் தொடச்சு விட்டுச்சு. அதுல வச்சேன், சர்ருன்னு போயிருச்சு."

வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்று பேர் வாங்கினவளுக்கு இப்போதுதான் அது உறைத்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டால் அது தன்பாடு. இங்கே தவளை கரைக்கு மேலே சவுக்கியமாக உட்கார்ந்திருக்க, வேறொருத்தி அல்லவா கெட்டாள். ஜெபஷீலாவும்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறாள். நோயாளிகளின் வீட்டு வாசல்களில் கழற்றியிருக்கிறாள். இந்தப் பக்கத்தில் செருப்பு என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அது வாசலோடு நிற்க வேண்டிய வஸ்து என்று. அந்தச் சொல்லைத் தூக்கி வாக்கருக்கு மாட்டிவிட்டவளுக்கு மட்டும் அது தோன்றவில்லை. சொல்பேச்சுக் கேளாதவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள் விழுந்தாள்.

பழைய பிளேட்டைச் சுற்றி எலும்பு நொறுங்கியிருந்தது. இதயமும் முன்னைவிடப் பலவீனமாக இருந்ததால் மறுபடி மயக்க மருந்து கொடுக்க டாக்டர் துணியவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அங்கேயும் உதட்டைப் பிதுக்கினார்கள். படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பவும் தேனிக்கே வந்தாள் பாக்கியம்.

பெனிஷா கோயம்புத்தூர் அறையைக் காலி செய்துவிட்டு ஒரு பையோடு வந்து இறங்கினாள். லீவு கேட்டிருக்கலாமே என்று ஜெபஷீலா கேட்டதற்கு, "எத்தன நாளைக்கு சிஸ்டர் கேக்கிறது?" என்றாள். அந்த இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள் என்று அப்புறம் தெரிந்தது.

இப்போது ஜெபஷீலா சொல்லிக்கொடுக்க வேண்டியதெல்லாம் வேறு. படுத்தவளை எப்படிப் புரட்டுவது, பெட்பேன் எப்படி வைப்பது, முதுகில் புண் வராமல் எப்படிப் பார்ப்பது. பெனிஷா ஒவ்வொன்றையும் கவனமாகப் பார்த்துத் திரும்பச் செய்து காட்டினாள். அம்மாவைப் போலவே பிள்ளை. அதைப் பார்க்கப் பார்க்க ஜெபஷீலாவுக்கு இனிமேல் எதையும் சொல்லிக்கொடுக்கவே பயமாக இருந்தது.

அவள் வாய்விட்டுச் சொல்லித்தான் பார்த்தாள். "தப்பு என்மேலதான் பெனிஷா. நான் செருப்புன்னு சொல்லியிருக்கக் கூடாது."

பெனிஷா ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். வையவில்லை, அழவுமில்லை. "எங்கம்மா நீங்க சொன்னதுல ஒண்ணக்கூட விடல சிஸ்டர்" என்று மட்டும் சொன்னாள். வைதிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருக்கலாம்.

வீட்டுக்கு அனுப்புகிற காலையில், மனசு கேட்காமல், பாக்கியத்தின் கையைப் பிடித்துப் பழையபடி மெத்தையில் ஊன்ற வைக்கப் பார்த்தாள் ஜெபஷீலா. கையாவது பலமாக இருக்கட்டுமே என்று சொன்னாள். பாக்கியம் ஒருதரம் ஊன்றினாள். அப்புறம் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"மதி சிஸ்டர்" என்றாள்.

இன்னொரு தரம் என்பதற்குப் பதில் ஜெபஷீலா போர்வையை இழுத்து விட்டாள்.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது பாக்கியம் மூலையில் நின்ற வாக்கரைக் காட்டி, அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். பெனிஷா அம்மாவின் முகத்துக்கு மேலாக மலைச்சாமியைப் பார்த்து, "அம்மாவ எந்தப் பக்கம் தல வச்சுப் படுக்க வைக்கலாம் மாமா?" என்று கேட்டாள். பாக்கியத்தை யாரும் கேட்கவில்லை.

ஆட்டோ போனதும் ஜெபஷீலா மேசை டிராயரை இழுத்தாள். உள்ளே ரப்பர் புஷ்கள் கிடந்தன. பெரிதும் சிறிதுமாக, தேய்ந்ததும் தேயாததுமாக. முருகம்மாளைக் கூப்பிட்டாள்.

"இதெல்லாம் எங்கன கெடந்துச்சு, முருகம்மா?"

"டாக்டர் ரூம் வாசல்லதான் சிஸ்டர். செருப்புகளோட செருப்பா."

"கழண்டு விழுந்து கெடந்துச்சா?"

"விழுந்தா உருண்டுல்ல கெடக்கும்? வரிசையா வச்சிருப்பாக. போறப்ப எடுத்து மாட்ட மறந்திருப்பாக. யாரோ விட்டுட்டுப் போயிட்டாகன்னு நான் அப்பவே சொன்னேன். நீங்கதான் சனங்களுக்குத் துப்பில்லன்னு வஞ்சீக."

முருகம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜெபஷீலா டிராயரை மூடவும் முடியாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். இவையெல்லாம் யார் யாருடையவை? எந்த ஊர்? எந்தத் தரையில் இப்போது நடக்கிறார்கள்? கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை.

மேலே வார்டில் ஆள் காத்திருந்தது. லோயர் கேம்ப்பிலிருந்து வந்தவர், பெயர் மதன்குமார். முழங்காலுக்குக் கீழே முறிந்து கம்பி வைத்திருந்தது. இன்றைக்கு அவரை நிற்க வைக்க வேண்டிய நாள். ஜெபஷீலா புது வாக்கரை எடுத்துப் போய் மணிக்கட்டு உயரத்துக்குத் திருகினாள். ரப்பர் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். அந்தப் பழைய வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் தானாக வந்து நின்றது. விழுங்கிக்கொண்டாள்.

கட்டில் ஓரத்தில் நின்ற மதன்குமாரின் மனைவி ரப்பரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "இதான சிஸ்டர் வாக்கரோட செருப்பு? எங்க பக்கமெல்லாம் அப்பிடித்தான் சொல்றாக."

ஜெபஷீலா வாக்கரைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இல்லம்மா" என்றாள். "அது செருப்பு இல்ல. அது காலு. உங்க வீட்டுக்காரரோட காலு மாதிரிதான் அதுவும். அதக் கழட்டவே கூடாது. வீட்டுக்குள்ளயும் கூடாது, வெளியவும் கூடாது. கழட்டுனா விழுந்துருவாரு. விழுந்தா அப்புறம் எந்திரிக்கவே மாட்டாரு. புரியுதா?"

அவள் சொன்ன விதத்தில் அந்தப் பெண் மிரண்டுபோனாள். வேகவேகமாகத் தலையாட்டினாள்.

"சரி சிஸ்டர், சரி. வீட்டுக்குள்ளயே போட்டுக்கட்டும், யாரு கேக்கப் போறா? சாமி ரூமுக்குப் போறப்ப மட்டும் நான் கழட்டி விட்டுர்றேன்."